செருப்பு கழன்றது தெரியாதவர்

"செருப்பு கழண்டு போறதே எனக்குத் தெர்ல சார். பின்னாடி வர்றவங்க கூப்ட்டு சொன்னாத்தான் திரும்பிப் பாக்குறேன்."

சொன்னவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. வந்தது கால் எரிச்சலுக்காக. செருப்புக் கதையை ஏதோ சிரிப்புக்குச் சொல்வதுபோல் போகிற போக்கில் சொன்னார். என்னிடம் வருவதற்குள் மூன்று இடம் பார்த்தாயிற்று. ஒரு இடத்தில் சுகர் பார்த்தார்கள், இல்லை. இன்னொரு இடத்தில் பி12 ஊசி. மூன்றாவது, பஸ் ஸ்டாண்ட் போஸ்டரில் பார்த்த லாட்ஜ் வைத்தியர். யாரோ 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லிவிட, நம் ஊரில் அந்த வார்த்தைக்கு இருக்கும் வேறு அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, வெட்கத்தில் மனைவியிடம்கூடச் சொல்லாமல் லேகியத்துக்குப் பணத்தைக் கொட்டியிருக்கிறார். அந்த வார்த்தையை முதலில் டாக்டர்கள் நாங்கள் விட்டொழிக்க வேண்டும்.

குதிகாலை மட்டும் ஊன்றி நடக்கச் சொன்னேன். முடியவில்லை. முன்பாதம் தப் தப்பென்று தரையில் விழுந்தது. பள்ளிக்கூட லேபில் பார்த்திருப்பீர்களே, இசைக்கவை, அதைத் தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்தேன். "ஜில்லுனு இருக்கு" என்றார். இரும்பின் குளிர்ச்சி தெரிகிறது, அதிர்வு தெரியவில்லை. கணுக்காலிலும் இல்லை. முழங்காலுக்கு வந்த பிறகுதான் "ஆங், இப்ப கிர்ருங்குது."

ஓ.பி. சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தது. எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு அப்படித்தான் எழுதியிருக்கும். வைத்தியம் பார்க்க வருபவரிடம் என்ன தொழில் என்று கேளுங்கள் என்று இத்தாலிய டாக்டர் ராமசினி 1700-லேயே எழுதிவைத்தார். நான் கேட்பது வேறு மாதிரி: "காலைல உள்ள போனதும் கை முதல்ல எதைத் தொடும்?"

"சொல்யூஷன்."

ஷூவின் மேல்பாகத்தையும் (அதற்குப் பெயர் 'அப்பர்') அடிப்பாகத்தையும் ஒட்டும் பசை. பிரஷ்ஷால் எடுத்துத் தடவ வேண்டும். தூசி படியக் கூடாது என்று ஜன்னல் சாத்தியிருக்கும். ஃபேன் போட்டால் பசை சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் அதுவும் கிடையாது. மேலே ஷீட் கூரை. ஆர்டர் இருக்கும் மாதங்களில் ஓவர்டைம். மத்தியானத்துக்கு மேல் தலை கிறுகிறுக்கும். டீ குடித்தால் சரியாகிவிடுமாம். சாயங்காலம் கையில் ஒட்டியிருப்பதைத் தின்னரில் கழுவிவிட்டு வீட்டுக்கு.

இந்த மாதிரிப் பசைகள் பலவற்றில் ஹெக்சேன் என்ற கரைப்பான் இருக்கும். பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது, விலை குறைவு, வேகமாகக் காயும். 69 டிகிரியில் கொதித்துவிடும் திரவம் அது. கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கத்து ஷீட் கூரைக்கு அடியில் எவ்வளவு ஆவியாகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். மூச்சு வழியாக உள்ளே போனதை ஈரல் 2,5-ஹெக்சேன்டையோன் என்ற பொருளாக மாற்றுகிறது. நஞ்சு அதுதான். நரம்பிழைக்குள் இருக்கும் புரத நூல்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். இழை அங்கங்கே வீங்கி, நுனியிலிருந்து பட்டுப்போகும். நீளமான நரம்புக்கு முதல் அடி, ஆகவே பாதம். அப்புறம் கை. பசையில் மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற இன்னொரு கரைப்பானும் கலந்திருந்தால் பாதிப்பு இன்னும் கூடும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1960-களில் ஜப்பானில், வீட்டிலேயே உட்கார்ந்து செருப்பு ஒட்டியவர்களுக்கு இதே பசையால் இதே நோய் வந்தது. 2009 வாக்கில் சீனாவின் சூஜோ நகரில் செல்போன் திரையை ஹெக்சேனால் துடைத்தவர்களுக்கும்.

அவருக்கு, நரம்பில் மின்சமிக்ஞை எப்படிப் போகிறது என்று பார்க்கும் நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் எடுத்தோம், சந்தேகம் உறுதியானது. பசைப் பக்கமே போகாதீர்கள் என்றேன். பேக்கிங் பிரிவுக்கு மாறினார். இரண்டு மாதம் கழித்து வந்தபோது முகம் கொடுத்துப் பேசவில்லை. "நீங்க சொன்னபடி வேலையை மாத்தினேன். இப்ப கையும் மரத்துப்போச்சு சார்."

இந்த இடத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். ஹெக்சேன் நரம்பு நோயின் குணமே அது: பசையை விட்ட பிறகும் இரண்டு மூன்று மாதம் மோசமாகிக்கொண்டே போகும். அதற்குப் பிறகுதான் திரும்பும். 'டாக்டர் சொன்னது தப்பு' என்று பழைய மேஜைக்கே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு. நரம்பு வளர்வது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். முழங்காலிலிருந்து விரல்வரை கணக்குப் போட்டால் ஒரு வருஷத்துக்கு மேல். மாத்திரை எரிச்சலைக் குறைக்கும், அவ்வளவுதான். அவர் இப்போது நடக்கிறார், ஓட முடியாது.

என்னை அதிகம் உறுத்துவது வீடுகள். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் பெண்கள் அப்பரை வீட்டுக்கு வாங்கி வந்து ஜோடிக் கணக்கில் தைக்கிறார்கள். அங்கே பசை டின்னும் இருந்தால், அதன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது; மேலே போகாமல் தரையோடு தங்கும். தரையில் உட்கார்ந்திருப்பது அம்மா, பக்கத்தில் பாயில் தூங்குவது குழந்தை. கம்பெனித் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. அட்டையாவது உண்டு. துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. டின்னை மூடிவைத்து, தரையோரத்துக் காற்று வெளியே போக வழி செய்து, முடிந்தால் திண்ணையில் வைத்து ஒட்டுவது மேல். தண்ணீரில் கரையும் பசைகளும் கிடைக்கின்றன. அதை வாங்குவது முதலாளி கையில் இருக்கிறது.

"எல்லாம் தோல் பதனிடப் போடும் குரோமியம்தானே சார்?" என்று கேட்பார்கள். ராணிப்பேட்டையில் குவிந்து கிடக்கும் குரோமியக் கழிவும், தோல் கழிவு கலந்த பாலாற்றுக்காக 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் அந்தக் குரோமியம் முக்கியமாகத் தோலையும் மூக்கையும் நுரையீரலையும் கெடுப்பது. நரம்புக் கேஸ் எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டால் உண்மையான குற்றவாளி தப்பிவிடும்.

தோல் பதனிடும் டேனரித் தொட்டியின் விஷவாயு வேறு ரகம். முடி நீக்கப் போட்ட சல்பைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அழுகிய முட்டை நாற்றம். அளவு மிஞ்சினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைப்பதுதான் எமன். தூக்கப் போகிறவரும் விழுவார். பிழைத்தாலும் மூளைக்குப் பிராணவாயு போகாத அந்தச் சில நிமிடங்கள் ஞாபகசக்தியைத் தின்றிருக்கும். பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்குபவர்களுக்கு மணிக்கட்டு தொங்கும், கூடவே வயிற்று வலியும் ரத்தசோகையும். அதை அல்சர் என்று சொல்லி வருஷக்கணக்கில் மாத்திரை போட்டவர் உண்டு.

கால் எரிச்சல் என்று டாக்டரிடம் போகும்போது, டின்னில் ஒட்டியிருக்கும் லேபிளை செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். டின்னையே கொண்டுவர வேண்டாம். ஒருவர் மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்துவிட்டார், மூடி சரியாக இல்லை. அன்றைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்த அத்தனை பேருக்கும் தலைவலி.