மேற்குச் சுவர் அறை

பினாங்குத் தீவின் சுங்கை டுவாவில் மாணவர்களுக்கு வாடகைக்கு விடப்பட்ட வீடுகளில் ஏர்கோன் சர்வீஸும் மின்கம்பி வேலையும் செய்து வருகிறேன். 18 ஆண்டுகள் ஆகிவிட்டன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் இந்த வட்டாரத்து அடுக்குமாடிகளில் மாணவர் கூட்டம் எப்போதும் உண்டு. மூன்று அறை வீட்டின் கூடத்தைப் பலகையால் தடுத்து நான்காவது அறை எடுப்பார்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு குதிரைத்திறன் ஏர்கோன். பெரும்பாலும் கடையில் இருந்தவற்றிலேயே மலிவானது.

சென்ற ஆண்டு ஒரு வீட்டுக்கார அம்மா என்னை அழைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. "தம்பி, கடைசி அறைப் பிள்ளை ஏர்கோனை நிறுத்துவதே இல்லை போலிருக்கிறது. பில் தாங்கவில்லை. அதைக் கழற்றி எடுத்துவிடுங்கள்" என்றார். வாடகையிலேயே மின்சாரமும் அடக்கம் என்று பேசி விட்ட வீடு அது.

அந்த அறையில் இருந்தவள் சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்து படிக்கும் பெண். "அண்ணா, பதினாறில் வைத்தாலும் அறை குளிரவில்லை" என்றாள். மூடியைத் திறந்தேன். வடிகட்டி வலையின் கண்ணே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் தூசி போர்வைத் துண்டு போலப் படிந்திருந்தது. நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பியதும் முழுதாக உரிந்து வந்தது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாரும் அதைக் கழுவச் சொல்லவில்லை என்றாள். கழுவத் தெரியாத பிள்ளை அல்ல, அது அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் இல்லாத ஏர்கோனில் 16 என்று வைப்பதால் அறை சீக்கிரம் குளிராது. கம்ப்ரசருக்கு ஓடுவதும் நிற்பதும் மட்டுமே தெரியும். 25 என்று வைத்தால் அறை அந்த அளவை எட்டியதும் நிற்கும். 16 என்றால் நம் ஊர் வெக்கையில் பெரும்பாலும் எட்டவே எட்டாது, விடிய விடிய ஓடும். ஓடும்போது ஏறத்தாழ 800 வாட் இழுக்கும். ஓர் இரவில் 10 மணி நேரம் என்றால் 8 யூனிட். நான்கு அறைகளுக்கு 30 நாள் கணக்குப் போட்டால் 960 யூனிட். குளிர்பதனப் பெட்டியும் சுடுநீர்க் கருவியும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில், மாதம் 1,000 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்குத்தான் மின்சிக்கன ஊக்கத்தொகை கழித்துத் தரப்படுகிறது. தீபகற்ப மலேசியாவில் நாம் எரிக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும்தான் வருகிறது என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏர்கோனைக் கழற்றவில்லை. "ஒரு மாதம் பொறுங்கள் அம்மா" என்று கேட்டுக்கொண்டு, ஒவ்வோர் அறை ஏர்கோனுக்கும் ஒரு துணை மீட்டர் பொருத்தினேன். எல்லா வடிகட்டிகளையும் கழுவி மாட்டினேன். யார் எத்தனை மணிக்குப் போட்டார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்று பிள்ளைகளே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவர ஒப்புக்கொண்டார்கள்.

மாத முடிவில் கடைசி அறை மீட்டர்தான் அதிகம் ஓடியிருந்தது. ஆனால் நோட்டுப் புத்தகத்தின்படி அவளும் பக்கத்து அறைப் பெண்ணும் ஒரே அளவு நேரம்தான் போட்டிருந்தார்கள். இரவு ஒன்பது மணிக்குப் போய் அந்த அறையின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இஸ்திரி போட்டு மடித்து வைத்த துணி போல இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மேற்குப் பார்த்த சுவர். மூன்று மணி முதல் பொழுது சாயும்வரை குடித்த வெயிலை அது நள்ளிரவுவரை அறைக்குள் கக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்றும் பொறுப்பில்லாதவள் என்றும் எத்தனை நாள் பேசியிருப்போம்! எனக்கு உண்மையிலேயே மனம் வலித்தது.

உள்ளே தடித்த திரைச்சீலை போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பம் வந்ததுதான், பெரும்பகுதி அறையில்தான் தங்கும். அதைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் தொங்கும் மூங்கில் திரைகளைப் பாருங்கள், நம் முன்னோர் இதை அறிந்துதான் தொங்கவிட்டார்கள். அந்த அறைக்கு ஒட்டினாற்போல் ஒரு சிறு பால்கனி இருந்தது. அதன் உட்புறத்திலேயே மூங்கில் திரை கட்டினோம். கட்டடத்தின் வெளித்தோற்றம் மாறும் எந்த வேலைக்கும் அடுக்குமாடி நிர்வாகத்திடம் முதலில் அனுமதி கேட்டுவிடுங்கள். பிறகு ஒரு மின்விசிறி. சுமார் 70 வாட்டில் ஓடும் அது, 26 டிகிரியிலும் உடம்புக்குக் குளுமை தரும்.

என் தொழில்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குளிரவில்லை என்றதும் "கேஸ் குறைந்துவிட்டது" என்று ஏற்றிவிட்டுப் போகாதீர்கள். ஏர்கோனில் கேஸ் செலவாகும் பொருள் அல்ல. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஆர்-410ஏ என்ற ஏர்கோன் கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், சுமார் இரண்டு டன் கரியமில வாயு கலந்ததற்குச் சமம். ஆர்-32 என்ற இன்னொரு கேஸின் பாதிப்பு அதில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனாலும் அதையும் திறந்துவிடுவது தவறு. கசிவை அடைக்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றிக் காசு வாங்குவது மாணவனின் பையிலும் கை வைப்பது, ஊரின் காற்றிலும் கை வைப்பது.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று மட்டும். நாம் இருப்பது தீவின் சுங்கை டுவா. நம் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி கடலுக்கு அப்பால் செபராங் பிறையில் உள்ள இன்னொரு சுங்கை டுவாவின் நீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருகிறது, அதன் ஊற்று சுங்கை மூடா ஆறு. 2024 ஜனவரியில் வால்வு மாற்றும் பணிக்காக நாட்கணக்கில் தண்ணீர் நின்றதை மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கழிப்பறைத் தொட்டியில் ஓயாமல் கசியும் ரப்பர் மூடியை மாற்றச் சில ரிங்கிட்தான் ஆகும்.

இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாலிஸ்டிரீன் உணவுப் பெட்டியை 'வெள்ளைச் சவப்பெட்டி' என்று பெயரிட்டு எதிர்த்தவர்கள் இதே பல்கலைக்கழக மாணவர்கள்தான். கோளாறு வாடகைப் பேச்சில் இருக்கிறது. மின்சாரம் வாடகையில் அடக்கம் என்றால் மாணவர் மீட்டரைப் பார்ப்பதில்லை. முழுப் பில்லும் மாணவர் தலையில் என்றால், வீட்டுக்காரர் மின்சிக்கனத்தைக் காட்டும் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர லேபிளைப் பார்ப்பதில்லை, விலைச்சீட்டை மட்டுமே பார்க்கிறார். பொது மின்சாரம் வீட்டுக்காரருடையது, ஏர்கோன் அவரவர் மீட்டர்படி, மின் நிறுவனமான தெனாகா நேஷனலின் பில்லில் உள்ள அதே விலைக்கு, ஒரு சென்கூட ஏற்றாமல் என்று வையுங்கள். இரண்டு பேரும் மீட்டரைப் பார்ப்பார்கள்.

அந்த அம்மா இப்போது மாதா மாதம் நான்கு மீட்டர் எண்களையும் தம் கையாலேயே எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுகிறார். போன வாரம் மறுபடி அழைத்தார், பக்கத்து அறைக்கும் ஒரு மூங்கில் திரை வேண்டுமாம். கடைசி அறைப் பிள்ளைதான் கேட்கச் சொன்னாளாம். அளவெடுக்க ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.