அசையாத தசை ஏன் கரையவில்லை? உறங்கும் தரை அணிலின் மரபணுக்கள்

கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்கள், சில வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரிக்கும்போது அந்தக் கை மட்டும் மெலிந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். பயன்படாத தசையை உடல் தானே கரைக்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் பதின்மூன்று வரித் தரை அணில், ஏறத்தாழ ஆறு மாதங்கள் வளைக்குள் பட்டினியாகச் சுருண்டு கிடந்த பிறகும், தசையைப் பெரிதாக இழக்காமல் வெளியே வந்து ஓடுகிறது.

அதன் உறக்கம் இடையறாத ஒன்றன்று. ஒன்றிரண்டு வாரங்கள் உடல் வெப்பநிலை சுமார் 5 டிகிரி செல்சியஸாக இருக்கும். நிமிடத்துக்கு 200 முறைக்கு மேல் துடிக்கக்கூடிய இதயம் பத்துக்கும் குறைவாகவே துடிக்கும். பிறகு சில மணி நேரத்தில் உடல் 37 டிகிரியை எட்டி, ஒரு நாளுக்கும் குறைவான நேரம் அப்படியே இருந்து, மீண்டும் குளிர்ந்துவிடும். இந்த இடைவிழிப்புகளைக் கணக்கில் கொள்ளாமல் தசையில் நடப்பதைப் புரிந்துகொள்ள முடியாது.

ஒரு மரபணு செயல்படுகிறது என்றால், டி.என்.ஏ.வில் உள்ள செய்தி முதலில் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது, பின்னர் அதைக் கொண்டு ரைபோசோம்கள் புரதம் செய்கின்றன என்று பொருள். இரண்டுமே ஆற்றலை அதிகம் விழுங்கும் வேலைகள் என்பதால், ஆழ்ந்த உறக்கத்தில் இரண்டும் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. குளிர் மட்டுமே இதற்குக் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. டி.என்.ஏ. இழை சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அசெட்டைல் தொகுதிகள் ஒட்டியிருந்தால் இழை இளகிப் படியெடுக்க இடம் தரும். அவற்றை நீக்கினால் இறுகிவிடும். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட முடிவுகளின்படி, உறங்கும் அணிலின் எலும்புத்தசையில் அசெட்டைலை நீக்கும் நொதிகளின் செயல்பாடு சுமார் 1.8 மடங்காக உயர்ந்திருந்தது, படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 நொதியின் செயல்பாடோ 57 விழுக்காடாகக் குறைந்திருந்தது. உடலே முனைந்து செய்யும் அடக்கம் இது.

இந்த அடக்கத்துக்கு நடுவிலும் சில மரபணுக்களின் விளைபொருள்கள் கூடுகின்றன. எனக்கு மிகவும் வியப்பளிப்பது பி.டி.கே.4 என்ற நொதி. சர்க்கரையிலிருந்து வரும் பைருவேட், செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவில் எரிவதற்குப் பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி தேவை. பி.டி.கே.4 அந்த நொதியில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அதை முடக்குகிறது. தசை கொழுப்பை எரிப்பதற்கு மாறுகிறது. இருக்கும் கொஞ்சம் சர்க்கரை மூளைக்கு மிஞ்சுகிறது. பட்டினியில் தசைப்புரதத்தை உடைத்துச் சர்க்கரை செய்யவேண்டிய நெருக்கடியும் இதனால் தணிகிறது.

படியெடுப்பே நின்றிருக்கும்போது இது எப்படிக் கூடியது? உறக்கத்துக்கு முந்தைய மாற்றங்களும், இடைவிழிப்பின் வெதுவெதுப்பான சில மணி நேரங்களும்தான் விடை. அப்போது தூது ஆர்.என்.ஏ.க்களும் புரதங்களும் உருவாகின்றன. குளிரில் அவை சிதையும் வேகமும் மிகக் குறைவு என்பதால் அடுத்த விழிப்பு வரை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன.

தசை கரைவதைத் தடுப்பதில் எஸ்.ஜி.கே.1 என்ற புரதத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. ஃபாக்ஸ்ஓ3 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் உட்கருவுக்குள் நுழைந்தால், தசையைச் சிதைக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். உறங்கும் அணிலின் தசையில் எஸ்.ஜி.கே.1 கூடி, ஃபாக்ஸ்ஓ3ஐ அடக்கிவைக்கிறது. குளிர்கால உறக்கமே அறியாத எலிகளில் எஸ்.ஜி.கே.1 புரதத்தை மிகுதியாக உருவாகச் செய்தபோது, கால் அசையாமல் கட்டப்பட்டிருந்தும், பட்டினி கிடந்தும், அவற்றின் தசை இழப்பு குறைந்தது. படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளிகளை மனத்தில் வைத்துப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும்.

எல்லா விலங்குகளும் ஒரே வழியில் செல்வதில்லை. அமெரிக்கக் கருங்கரடியின் உடல் வெப்பநிலை குளிர்கால உறக்கத்திலும் 30 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் இறங்குவதில்லை. அதன் தசையில், புரதம் செய்யும் பொறியமைப்புக்கான மரபணுக்கள் கோடைகாலத்தைவிடக் கூடுதலாகவே இயங்குகின்றன. அணில் விழிப்புக்காகக் காத்திருந்து செய்யும் பராமரிப்பைக் கரடி உறங்கியபடியே செய்துகொள்கிறது.