தையல் புண்: தண்ணீருக்குப் பயம், தையல் பிரித்ததும் அலட்சியம்

சிறு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எத்தனை நாள் தண்ணீர் படக் கூடாது?" என்பதுதான். பொதுவாக முதல் 48 மணி நேரம் கட்டு நனையாமல் இருந்தால் போதும். அதற்குள் தையல் விளிம்புகளின் மேல் மெல்லிய புதுத்தோல் படர்ந்துவிடும். பிறகு, மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, ஓடும் தண்ணீரில் குளிக்கலாம். சோப்பு நுரை வழிந்து போனால் கெடுதல் இல்லை, தேய்க்கத்தான் கூடாது. குளித்ததும் சுத்தமான துணியால் ஒற்றி, ஈரம் காய்ந்த பின்பே கட்டுப் போடுங்கள். தொட்டியிலோ குளத்திலோ இறங்குவது மட்டும் புண் முழுதாக ஆறும்வரை வேண்டாம். தோல் ஊறி வெளுத்தால் விளிம்புகள் விலகும், கிருமி நுழையும்.

தண்ணீரைவிட அதிகம் கெடுப்பது அளவுக்கு மீறிய சுத்தம். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை கிருமியோடு சேர்த்து, புதிதாக வளரும் செல்களையும் கொல்லும். தினமும் ஊற்றினால் புண் ஆறுவது தள்ளிப்போகும். பொடி எதையும் தூவாதீர்கள். அது தையலுக்குள் கட்டிதட்டி, அடியில் சீழ் வைத்திருந்தாலும் தெரியாமல் மறைத்துவிடும்.

கட்டு மாற்றுமுன் 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பழைய கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம். சலைன் (மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்) அல்லது கொதிக்கவைத்து ஆறிய நீரால் சில நிமிடம் நனைத்தால் தானே விடும். பஞ்சு வேண்டாம், அதன் இழை தையலில் சிக்கும். காஸ் துணியால் (கட்டுப் போடும் வலைத்துணி) தையலில் தொடங்கி வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒருமுறை துடைத்த துணி மறுபடி புண்ணுக்கு வரக் கூடாது. இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்துப் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே தூக்கிப் பார்த்தால் அப்போதுதான் உறைந்த இரத்தம் பெயர்ந்து மறுபடி கசியும். நிற்கவில்லையென்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம், விளிம்பில் லேசான சிவப்பு, இளஞ்சிவப்பு நீர்க்கசிவு எல்லாம் இயல்பு. குறைந்துவந்த வலி திரும்ப ஏறினால் கவலைப்பட வேண்டும். தொற்று பெரும்பாலும் 4ஆம் நாளுக்கு மேல்தான் தலைகாட்டும். சிவப்பு பரவுகிறதா என்று சந்தேகம் வந்தால் அதன் எல்லையைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சீழ், நாற்றம், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், புண்ணிலிருந்து மேலே ஓடும் சிவப்புக் கோடு, தையல் வாய் பிளப்பது, எதற்கும் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அறிகுறி மந்தமாகவே தெரியலாம் என்பதால் சிறு மாற்றத்தையும் பொருட்படுத்த வேண்டும்.

தையல் பிரிக்கும் நாள் இடத்துக்கு இடம் மாறும்: முகத்தில் 5 நாள், தலையில் 7 முதல் 10, உடம்பிலும் காலிலும் 10 முதல் 14, மூட்டு மடங்கும் இடத்தில் 14 நாள் வரை. வலி இல்லை என்று தள்ளிப்போட்டால் நூல் புதைந்து ஏணிப்படி போலத் தழும்பு விழும். கரையும் நூலாக இருந்து, நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள்.

தையல் பிரித்த மறுநாளே பாரம் தூக்கி, புண் பிளந்து திரும்புகிறவர்கள் உண்டு. மேலே மூடியிருந்தாலும் உள்ளே உறுதி வந்திருக்காது. ஒரு வாரத்தில் பழைய தோலின் வலுவில் 10 சதவீதம்கூட இருப்பதில்லை, 3 வாரத்தில் ஏறக்குறைய 20 சதவீதம்தான். எத்தனை மாதம் ஆனாலும் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே தையல் பிரித்தபின் சில வாரங்களாவது அந்த இடம் இழுபடும் வேலையைத் தவிருங்கள். ஒட்டுப்பட்டை ஒட்டி அனுப்பியிருந்தால் அது தானாக உதிரும்வரை விட்டுவிடுங்கள். புதுத் தழும்பில் வெயில் பட்டால் கறுத்து நிலைத்துவிடும், அதைத் துணியால் மூடியே வெளியே போங்கள்.