பியூஸ் கட்டையை எடுத்துவிட்டு எம்.சி.பி. போடுவதற்கு முன்

"பெட்டியை மட்டும் மாத்திக் கொடுத்திடுங்க தம்பி, பக்கத்து வீட்ல போட்ட மாதிரி." கும்பகோணத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் அந்த அம்மா இப்படித்தான் ஆரம்பித்தார். பழைய பியூஸை எடுத்துவிட்டு எம்.சி.பி. பெட்டி வேண்டுமாம்; கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து துண்டிக்கிற சுவிட்ச்தான் எம்.சி.பி. ரேழிச் சுவரில் தேக்குப் பலகை, அதில் இரும்பு மெயின் சுவிட்ச், கீழே நாலு பீங்கான் பியூஸ் கட்டை. மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு கட்டையைப் பிடுங்கினேன். உள்ளே பியூஸ் கம்பியே இல்லை. ஃபிளெக்சிபிள் வயரை உரித்து, நாலு இழையை முறுக்கிக் கட்டியிருந்தது. பீங்கான் ஓரத்தில் கரி.

"முன்னாடி அடிக்கடி போகும். தீபாவளிக்கு வந்தப்ப பையன் கெட்டியா கட்டிவிட்டான். அப்புறம் போகவே இல்லை" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. சமையலறை ப்ளக் மட்டும் அவ்வப்போது சுடுகிறதாம்.

சுடாமல் என்ன செய்யும்? அந்த ஒரு இழையே ஏறக்குறைய 5 ஆம்பியர் பியூஸ் கம்பியின் பருமன். நாலு இழை என்றால் 20 ஆம்பியர் ஓடினாலும் உருகாது. அதற்குப் பின்னால் சுவரில் ஓடுவதோ 1/18 ஒற்றைக் கம்பி வயர்; 1.2 சதுர மி.மீ. கூடத் தேறாது. இரண்டு விளக்கும் ஒரு ஃபேனும் ஓட அந்தக் காலத்தில் இழுத்தது. இப்போது அதே லைனில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் 1500 வாட் கெட்டிலும் ஓடுகின்றன. இரண்டும் சேர்ந்தால் 15 ஆம்பியர். பியூஸ் போகவில்லை, அதற்குப் பதில் வயர் வெந்துகொண்டிருந்தது.

பெட்டி மாற்றுவது அரை நாள் வேலை. என்ன ஆம்பியர் எம்.சி.பி. போடுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'அடிக்கடி விழுது' என்று கஸ்டமர் சொன்னால் 16-ஐக் கழற்றி 32-ஐப் போட்டுவிட்டுப் போகும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பையன் நாலு இழை கட்டியதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பெட்டி பளபளப்பாக இருக்கும், அவ்வளவுதான். ஷார்ட் ஆனால் எம்.சி.பி.க்குள் இருக்கும் காந்தச் சுருள் கண் இமைக்கும் நேரத்தில் தட்டிவிடும், சரி. ஓவர்லோடுக்கு உள்ளே ஒரு உலோகப் பட்டை சூடாகி வளைய வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். 32 ஆம்பியர் எம்.சி.பி. 36 ஆம்பியரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்குகிற மாதிரிதான் செய்யப்பட்டிருக்கிறது. 1/18 வயர் அதுவரை தாங்குமா? வயரின் பருமனைப் பார்த்துத்தான் எம்.சி.பி. போட வேண்டும். அந்த வீட்டில் விளக்கு லைனுக்கு 6 ஆம்பியர் போட்டேன். சமையலறைக்குத் தனியாக 4 சதுர மி.மீ. வயர் இழுத்து 20 ஆம்பியர். பழைய வயரின் இன்சுலேஷனையும் 500 வோல்ட் மெக்கர் என்ற சோதனைக் கருவி வைத்துப் பார்த்தேன். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டிய ஒரு லைனை மொத்தமாகக் கழற்ற வேண்டியதாயிற்று.

இன்னொன்று. அந்த நாலு கட்டையில் இரண்டு நியூட்ரலில், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பியில் இருந்தன. பழைய வீடுகளில் இது சகஜம். நியூட்ரல் பியூஸ் மட்டும் போனால் விளக்கு அணையும், வீட்டில் கரண்ட் இல்லை என்று நினைப்போம். கரண்ட் வரும் கம்பியான ஃபேஸ் மட்டும் ஹோல்டர் வரை உயிரோடு நிற்கும். பல்பைத் தொட்டவர் கதி அவ்வளவுதான். அந்த இரண்டு கட்டையையும் எடுத்துவிட்டு நியூட்ரலை நேராக லிங்க் என்னும் இணைப்புப் பட்டையில் சேர்த்தேன்.

"இனிமே ஷாக் அடிக்காதுல்ல?" என்று கேட்டார். எம்.சி.பி. அதற்கானது இல்லை அம்மா என்றேன். 6 ஆம்பியர் எம்.சி.பி. விழ 6 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஆளைக் கொல்ல அதில் அறுபதில் ஒரு பங்கே போதும். ஷாக்கிலிருந்து காப்பது ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்ப்பது அது. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். அது ஓவர்லோடைக் கவனிக்காது, ஆகவே இரண்டும் வேண்டும்.

போட்டவுடன் கொல்லை விளக்கைத் தட்டினால் வீடே அணைந்தது. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் 'பழைய வீட்டுக்கு இது ஒத்துவராது' என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடுவார்கள். ஸ்டூல் போட்டு ஏறி வயரைத் தேடினால், அந்த விளக்குக்கு நியூட்ரல் மட்டும் பக்கத்துப் போர்ஷனிலிருந்து வந்திருந்தது. யார் எப்போது இழுத்ததோ. போன கரண்ட் வேறு வழியில் திரும்பினால் ஆர்.சி.சி.பி. விழத்தானே செய்யும்? மாற்ற அரை மணி நேரம்.

இதையெல்லாம் நீங்களே செய்ய இறங்க வேண்டாம். மெயினை இறக்கினாலும் மீட்டரிலிருந்து மெயின் வரை கரண்ட் இருக்கும். மீட்டர் சீலும் அதற்கு முந்தைய கட்டவுட் பியூஸும் மின்வாரியத்தினுடையவை. அவர்களிடம் சொல்லித்தான் அங்கே கை வைக்க முடியும். உரிமம் உள்ள வயர்மேனாகப் பார்த்துக் கூப்பிடுங்கள், எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பங்குக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆர்.சி.சி.பி.யில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கரண்ட் இருக்கும்போது அதை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்த ஆர்.சி.சி.பி.யை மாற்றியே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் மாதம் பிறந்தால் அழுத்திப் பார்ப்பேன். சீரியல் நேரத்தில் மட்டும் அழுத்துவதில்லை.