போலீஸ் கணக்கில் வராத போதை

தில்லி ஜங்புராவில் பாராபுலா நாலா என்ற கழிவுநீர்க் கால்வாயை ஒட்டி மதராஸி கேம்ப் என்று ஒரு குடிசைப் பகுதி இருந்தது. 2025 ஜூன் மாதம் அதை இடித்துவிட்டார்கள். அதற்குச் சில வருடங்கள் முன்பு வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். பெரும்பாலும் ஓர் அறைதான் வீடு. ஒரு பையன் பீடி பற்றவைத்தால் சந்து முழுக்க வாசம் அடிக்கும். அவன் வீடு திரும்புவதற்குள் அம்மாவுக்குச் சேதி எட்டியிருக்கும். ரோந்து வரும் போலீஸ்காரர் கண்ணிலும் அவன்தான் முதலில் படுவான்.

அதே காலத்தில் குர்கானில் கோல்ஃப் கோர்ஸ் ரோடு பக்கம் ஒரு நண்பர் வீட்டுக்கும் போய்வருவேன். பதினான்காவது மாடி. பதினொன்றாம் வகுப்புப் படித்த மகனுக்குத் தனி அறை, அதற்குள்ளேயே பாத்ரூம், உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் கதவு. அவன் கஞ்சா புகைக்கிறான் என்பது பெற்றோருக்குத் தெரியவர ஒன்றரை வருடம் ஆனது. எக்ஸாஸ்ட் ஃபேன் புகையை இழுத்து வெளியே தள்ளிவிட்டது. கீழே கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி வெளியாளைத்தான் நிறுத்திக் கேட்பார். அங்கேயே குடியிருக்கும் பையனின் பையை அவர் ஏன் பார்க்கப் போகிறார்?

போதைப் பழக்கம் எந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் அதிகம் என்று கேட்டால், தில்லியில் பலரும் யோசிக்காமல் குடிசைப் பக்கம்தான் கை நீட்டுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த எண்ணத்தைப் பலமாக அசைத்தவர் தில்லியில் படித்து வளர்ந்த ஒரு பெண். மண்டி ஹவுஸ் பக்கத்தில் இருக்கிறதே லேடி இர்வின் கல்லூரி, அங்கே குழந்தை வளர்ச்சி படித்துவிட்டு அமெரிக்கா போய் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கிய சுனியா லூத்தர். 2023இல் காலமானார். தொண்ணூறுகளில் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது நகரத்தின் ஏழைப் பகுதிகளில் வளரும் பிள்ளைகளை. அந்தப் பிள்ளைகளின் நிலை எவ்வளவு மோசம் என்று சொல்ல ஒப்பீட்டுக்கு இன்னொரு கூட்டம் வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் பக்கத்திலிருந்த பணக்காரப் புறநகர்ப் பள்ளி ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். புறநகரில் 264 பேர், நகரத்தில் 224 பேர், எல்லோரும் பத்தாம் வகுப்பு. பெயர் போடாத கேள்வித்தாள்.

1999இல் வெளியான முடிவு தலைகீழாக இருந்தது. சிகரெட், மது, கஞ்சா, மற்ற போதைப்பொருட்கள் என்று எதை எடுத்தாலும் வசதியான பிள்ளைகளிடம்தான் பழக்கம் அதிகம். பதற்றமும் மனச்சோர்வும்கூட அவர்களிடம்தான் அதிகம். ஒப்பீட்டுக்காகக் கொண்டுவந்த கூட்டமே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியாக மாறிவிட்டது.

குற்றம் என்று எடுத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் உள்ள வேறுபாடு அளவைவிட வகையில்தான் இருக்கிறது என்றார் அவர். ஏழைப் பகுதியில் அது தற்காப்போடு சேர்ந்தது, உதாரணமாகக் கையில் ஆயுதம் வைத்துக்கொண்டு நடப்பது. வசதியான பகுதியில் பரீட்சையில் ஏமாற்றுவது, பெற்றோரிடமும் நண்பர்களிடமும் திருடுவது. முதல் வகை காவல் நிலையத்துக்குப் போகும். இரண்டாவது வகை வீட்டுக்குள்ளேயே பேசி முடிக்கப்படும்.

அளவீடு என்பது இங்கே எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போலீஸ் பதிவேடு குற்றத்தை எண்ணுவதில்லை. யாரோ பார்த்து, யாரோ புகார் சொல்லி, ஓர் அதிகாரி எழுத முடிவெடுத்த சம்பவங்களைத்தான் எண்ணுகிறது. ஐம்பதுகளிலேயே ஜேம்ஸ் ஷார்ட், இவான் நை என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் பிள்ளைகளிடமே நேராகக் கேட்டுப் பார்த்தார்கள். பதிவேட்டில் தெரிந்த ஏழை பணக்கார இடைவெளி, பிள்ளைகளின் வாக்குமூலத்தில் பெரும்பாலும் கரைந்துபோனது.

இதை இன்னும் கிட்டே போய்ப் பார்த்தவர் வில்லியம் சாம்பிளிஸ். 1973இல் வெளியான அவருடைய ஆய்வில் ஒரே பள்ளியில் படித்த இரண்டு பையன் கூட்டங்கள் வருகின்றன. எட்டுப் பேர் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், ஆறு பேர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். இரண்டு வருடம் கூடவே திரிந்து கவனித்தார். அந்த எட்டுப் பேரும் வகுப்புக்குப் போகாமல் ஏமாற்றினார்கள், குடித்துவிட்டு வண்டி ஓட்டினார்கள், பொருட்களை உடைத்தார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் அவர்கள் செய்த சட்டமீறல்கள்தான் அதிகம். ஆனால் அவர்களில் ஒருவர்கூடக் கைதாகவில்லை. ஏழைப் பையன்கள் ஆறு பேரும் போலீஸிடம் மாட்டிக்கொண்டே இருந்தார்கள். காரணம் எளிமையானது: முதல் கூட்டத்திடம் கார் இருந்தது, ஊர்க் கண் படாத இடத்துக்குப் போய்விட முடிந்தது. யாராவது நிறுத்தினால் பணிவாக மன்னிப்புக் கேட்கவும் தெரிந்திருந்தது. இரண்டாவது கூட்டம் கடைத்தெரு முனையில் எல்லோர் கண்ணெதிரிலும் நின்றது. கார் அன்று செய்த வேலையை இன்று குர்கானில் அறைக்கதவும் செய்கிறது.

சரி, பிடிபடுவதில் வித்தியாசம் இருக்கலாம். ஆனால் எல்லாம் இருக்கிற வீட்டுப் பிள்ளை ஏன் அதிகமாகப் பழக வேண்டும்?

கையில் பணம் இருப்பது ஒரு காரணம்தான், ஆனால் சின்னக் காரணம். லூத்தரின் ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. வசதியான பிள்ளைகளிடம் போதைப் பழக்கம் பதற்றத்தோடும் மனச்சோர்வோடும் சேர்ந்தே வந்தது. ஏழைப் பிள்ளைகளிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. அதாவது வசதியான பிள்ளைகளில் ஒரு பகுதியினர் கொண்டாட்டத்துக்காகத் தொடவில்லை. தூங்குவதற்கும் மனம் அடங்குவதற்கும் மருந்துபோல எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குர்கான் பையன் பின்னாளில் என்னிடம் சொன்னது இது: "அங்கிள், ராத்திரி மட்டும்தான். மாக் டெஸ்ட் ரேங்க் வந்த அன்னைக்கு படுத்தா தூக்கமே வராது."

அவன் மூளைக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். கஞ்சாவின் டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் மூளையில் சி.பி.1 என்ற ஏற்பிகளில், அதாவது செல்களின் மேல் கதவுபோல இருக்கும் மூலக்கூறுகளில், போய் ஒட்டிக்கொள்ளும். பயத்தைக் கையாளும் அமிக்டலாவிலும், நினைவைச் சேர்க்கும் ஹிப்போகேம்பஸிலும், முடிவெடுக்கும் முன்மூளையிலும் இந்த ஏற்பிகள் நிறைய உண்டு. உடம்பே சுரக்கும் சில பொருட்கள் மனப்பதற்றத்தைத் தணிக்க இந்தக் கதவைத்தான் மெல்லத் தட்டும். டி.எச்.சி. இடித்துத் திறக்கிறது. கொஞ்ச நேரம் அமைதி. தினமும் இப்படி நடந்தால் மூளை தன் பங்குக்கு ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். பிறகு உடம்பின் சொந்த அமைதிப்பொருள் வந்து தட்டினாலும் கேட்க ஆளில்லை. புகைக்காத இரவில் பதற்றம் முன்பைவிட அதிகமாகும். எதைத் தணிக்கத் தொடங்கினானோ அது பெருகிவிடுகிறது. மதுவும் காபா என்ற அடக்கும் வேதிப்பொருளின் வழியாக ஏறக்குறைய இதே சுழலைத்தான் உண்டாக்குகிறது.

பதின்பருவத்தில் இதற்கு வேகம் கூடும். ஆசையையும் பரிசையும் கணக்கிடும் டோபமைன் வலைப்பின்னல் பதின்மூன்று பதினான்கு வயதிலேயே சூடுபிடித்துவிடும். 'நில்' என்று சொல்லும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகும். இடையில் பத்து வருடம்போல ஆக்ஸிலரேட்டர் நன்றாக வேலை செய்யும், பிரேக் பாதிதான். டெம்பிள் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் அவருடைய சக ஆய்வாளரும் 2005இல் ஒரு வண்டி ஓட்டும் கணினி விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். தனியாக விளையாடியதைவிட, நண்பர்கள் பக்கத்தில் நின்று பார்த்தபோது பதின்பருவத்தினர் அதிக ஆபத்தை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. 2011இல் மூளையைப் படமெடுத்தபடியே இப்படி ஒரு சோதனை செய்ததில், நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே பரிசுக்கான பகுதி பளிச்சென்று இயங்கியது.

இதை லூத்தரின் இன்னொரு கண்டுபிடிப்போடு சேர்த்துப் பாருங்கள். புறநகர் ஆண்பிள்ளைகளில் போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வகுப்பில் செல்வாக்கு அதிகமாக இருந்தது. நண்பர்கள் மெச்சும்போது மூளைக்குக் கிடைக்கும் பரிசு இரட்டிப்பாகிறது.

ஜங்புராவில் எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்குக் கிடைத்த பொருளே வேறு. பஞ்சர் ஒட்டும் பசை. தெருவில் அதன் பெயர் சொல்யூஷன். துணியில் பிழிந்து வாயருகே வைத்து இழுப்பார்கள். ஒரு நாள் கேட்டேன். "பசிக்காதுண்ணா" என்றான். அவ்வளவுதான் பதில்.

அந்தப் பசையிலும் தின்னரிலும் இருக்கும் டோலுயீன் கொழுப்பில் எளிதாகக் கரையும். மூளையில் கொழுப்பு அதிகம். இழுத்த சில நொடிகளில் நுரையீரலிலிருந்து மூளைக்குப் போய்விடும். பசியும் குளிரும் மறந்துபோகும். நீண்ட நாள் பழகினால் நரம்புகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறை சிதைந்து, நடையும் நினைவும் தடுமாறும். சில சமயம் இதயத் துடிப்பு தாறுமாறாகி முதல் முறை இழுத்தவர்கூட அந்த இடத்திலேயே இறக்கலாம். இத்தனை ஆபத்தான பொருள் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இல்லை. சைக்கிள் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு 2019இல் வெளியானது. அதில் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை இந்த முகரும் வகைதான்: பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுக்குள் 1.17 சதவீதம்.

பள்ளிப் பிள்ளைகளிடம் எய்ம்ஸ் மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2025 கடைசியில் வந்தது. தில்லி, மும்பை, பெங்களூரு உட்படப் பத்து நகரங்களில் 5,920 மாணவர்கள். ஏழில் ஒருவர் ஒருமுறையாவது ஏதோ ஒரு போதையைத் தொட்டிருக்கிறார். முதலில் தொட்ட சராசரி வயது 12.9. லூத்தர் அமெரிக்காவில் 'ஏழாம் வகுப்பில் தொடங்குகிறது' என்று கண்டதும் ஏறக்குறைய இதே வயதுதான். கேட்டால் மறைத்துவிடுவோம் என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள். பெயர் போடாத தாளிலேயே இப்படி என்றால் உண்மை அளவு அந்த எண்ணுக்கு மேல்தான் இருக்க வேண்டும். பள்ளிக்கே போகாத சொல்யூஷன் பையன்கள் இந்தக் கணக்கில் சேரவும் இல்லை.

வசதியான பிள்ளைகள் வளர்ந்ததும் தானாகச் சரியாகிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. 'நல்ல குடும்பம், தெளிஞ்சிடுவான்.' லூத்தரின் குழு அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியின் புறநகர்ப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து இளமைக்காலம் வரை பின்தொடர்ந்தது. 26 வயதுக்குள் ஆண்களில் 23 முதல் 40 சதவீதம் பேர், பெண்களில் 19 முதல் 24 சதவீதம் பேர் மதுவுக்கோ போதைக்கோ அடிமையாகும் நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். அந்த நாட்டுச் சராசரியைப் போல இரண்டு மூன்று மடங்கு. யாரும் பிடிக்காதபோது யாரும் நிறுத்துவதுமில்லை.

இந்தப் பிள்ளைகளிலும் தப்பித்தவர்கள் உண்டு. அவர்களைப் பிரித்துக் காட்டிய விஷயங்களில் ஒன்று, பழக்கம் தெரிந்தால் வீட்டில் கண்டிப்பாக விளைவு இருக்கும் என்று பிள்ளை முன்கூட்டியே அறிந்திருந்தது. பெற்றோர் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள் என்று நினைத்த பிள்ளைகளிடம் பழக்கம் அதிகம். இரவுச் சாப்பாட்டில் பெரியவர் ஒருவர் கூட இருப்பதும் நல்லது செய்தது. என் நண்பர் வீட்டில் சமையல்காரம்மா ஏழு மணிக்குச் செய்துவைத்துவிட்டுப் போவார், மூவரும் மூன்று நேரத்தில் சுடவைத்துச் சாப்பிடுவார்கள். விஷயம் வெளிவந்த பிறகு முதலில் மாறியது அதுதான்.

தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போகும் அடிமைப்பட்டவருக்கு, 1985ஆம் வருடப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு சிறிய அளவு வழக்குகளில் பாதுகாப்புத் தருகிறது. 14446 என்ற இலவச எண்ணில் பேசினால் வழி சொல்வார்கள். காசியாபாத்தில் எய்ம்ஸின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் இருக்கிறது.

குர்கான் பையன் எட்டு மாதம், வாரம் ஒருமுறை, ஒரு மனநல நிபுணரிடம் போனான். ஏற்பிகள் மீள்வதற்குச் சில வாரங்கள் போதும், பழக்கம் விடுவதற்கு மாதங்கள் வேண்டும், அந்த மாதங்கள் அவனுக்குக் கிடைத்தன. பசை இழுத்த பையனையும் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். ஒவ்வொரு முறைக்கும் அவன் அப்பா ஒரு நாள் கூலியை விட வேண்டியிருந்தது. இரண்டு முறை வந்தார். மூன்றாவது முறை, "அடுத்த மாசம் பாத்துக்கலாம் தம்பி" என்றார்.