காய் விடாமலே விலகிப் போகிறவர்கள்

பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால் 'காய்' விட்டுவிடுவோம். எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். மறுநாளே 'பழம்' விட்டுச் சேர்ந்துகொள்வோம். அலுவலகத்தில் யாரும் காய் விடுவதில்லை. நான்கு வருடம் பக்கத்து சீட்டில் இருந்து, தினமும் 11 மணிக்கு "டீக்கு வர்றீங்களாக்கா?" என்று கேட்ட பெண் ஒரு திங்கட்கிழமை தனியாக எழுந்து போனாள். செவ்வாயும் அப்படித்தான். கேட்டதற்குப் பதில் வரும்; ஆனால் பார்வை மானிட்டரை விட்டு நகராது. நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று பழைய வாட்ஸ்அப் செய்திகளை எல்லாம் ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

இத்தனை சின்ன விஷயம் ஏன் இப்படி அரிக்கிறது?

கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒருநாள் பூங்காவில் தன் நாயோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் விளையாடிய ஃபிரிஸ்பீ தட்டு இவர் பக்கம் வந்தது. எடுத்து எறிந்தார். அவர்களும் இவரைச் சேர்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் விளையாடினார்கள். அப்புறம், ஒன்றும் சொல்லாமல், இவருக்குப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான். ஆனாலும் அது தன்னை எவ்வளவு சுட்டது என்று கவனித்தவர், அதையே ஆய்வாக மாற்றினார். அதுதான் 'சைபர்பால்': திரையில் மூன்று பேர் பந்து போட்டுக்கொள்ளும் விளையாட்டு. சில வீச்சுகளுக்குப் பிறகு நமக்குப் பந்து வராது. சில நிமிடத்திலேயே மனம் வாடிப்போகிறது. 2004இல் வெளியான ஒரு சோதனையில், எதிரில் ஆடுவது வெறும் கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லியும் வாட்டம் குறையவில்லை. ஒதுக்கப்படுவதைக் கண்டதும் மூளை முதலில் மணியடிக்கிறது. யார், ஏன் என்ற யோசனை அதற்குப் பின்னால்தான் வருகிறது.

2003இல் இதே விளையாட்டை மூளை ஸ்கேனோடு சேர்த்துப் பார்த்தார் நவோமி ஐசன்பெர்கர் என்ற உளவியலாளர். உடல்வலியின்போது வேலை செய்யும் ஆன்டீரியர் சிங்குலேட் என்ற பகுதி இங்கேயும் தூண்டப்பட்டது. அதிலிருந்து 'மனவலியும் உடல்வலியும் ஒன்றே' என்று பலர் எழுதுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஒரே பகுதிக்குள்ளும் இரண்டு வலிகளுக்கும் நரம்புச் செயல்பாட்டின் வடிவங்கள் வேறுவேறாக இருப்பதை 2014இல் வந்த ஆய்வு காட்டியது. வலி நிஜம் என்பது மட்டும் உறுதி.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நடந்து, 2016இல் வெளியான சோதனை. 45 பேர் கணினித் திரையில் பாறைகளைப் பார்த்து, அடியில் பாம்பு இருக்குமா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் நிஜமாகவே ஒரு மின் அதிர்ச்சி. வியர்வையையும் கண்பாவையின் விரிவையும் அளந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது பதற்றம் உச்சத்தில் இல்லை. வருமா வராதா என்று பாதிக்குப் பாதி இருந்தபோதுதான் உச்சம்.

என் நிலைமையும் அந்தப் பாதிக்குப் பாதிதான். அவள் கோபம் என்று தெரிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தெரியாத இடத்தை மூளை சும்மா விடாது. கையில் கிடைத்ததை வைத்து நிரப்பும். என் கையில் கிடைத்தது என்னைப் பற்றிய விவரங்கள்தான். அவள் வீட்டுக் கவலை, தூக்கமில்லாத இரவு எதுவும் எனக்குத் தெரியாதே. அதனால் கணக்கு எப்படிப் போட்டாலும் விடை 'நான்தான்' என்று வந்தது.

அடுத்த கட்டம்தான் ஆபத்து. 1986இல் கர்டிஸ், மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள், அறிமுகமில்லாதவர்களை ஜோடியாக்கி, சிலரிடம் 'எதிரில் இருப்பவருக்கு உங்களைப் பிடித்திருக்கிறது' என்றும், வேறு சிலரிடம் 'பிடிக்கவில்லை' என்றும் பொய்யாகச் சொன்னார்கள். பிடிக்கவில்லை என்று நம்பியவர்கள் தங்களைப் பற்றிக் குறைவாகப் பேசினார்கள், குரலில் கனிவு குறைந்தது. கடைசியில் எதிரில் இருந்தவருக்கு அவர்களை நிஜமாகவே அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நானும் அந்த வாரம் அவளுக்கு 'குட் மார்னிங்' சொல்வதை நிறுத்தியிருந்தேன். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் விலகியது யார்?

சரி, கேட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தேன். "என் மேல என்ன கோபம்?" என்று கேட்டால் அது குற்றச்சாட்டு; எதிராளி தற்காப்புக்குத்தான் போவார். கண்ணில் பட்டதை மட்டும் சொல்லிக் கேட்பது நல்லது. லிஃப்டுக்குக் காத்திருந்தபோது, "நாலஞ்சு நாளா டீக்குத் தனியாப் போறீங்களேம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றேன். அவள் பைக்குள் சாவியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். "உங்க மேல ஒண்ணும் இல்லக்கா. வீட்டுல கொஞ்சம்..." அதற்கு மேல் வரவில்லை. நானும் துருவவில்லை. எல்லா விலகலும் இப்படி இருக்காது. தகவலை மறைப்பது, மீட்டிங்குக்குக் கூப்பிடாமல் விடுவது என்று வேலையிலேயே கை வைத்தால் அது வேறு விஷயம், மேலாளரிடம்தான் பேச வேண்டும்.

அந்த 'கொஞ்சம்' என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 11 மணிக்கு அவள் மறுபடி என் சீட்டருகே வந்து நிற்க மூன்று மாதம் ஆனது. லிஃப்டருகே பேசிய அன்று ராத்திரியே நான் படுத்ததும் தூங்கிவிட்டேன்.