கீமோ நாட்களில் போன் எண்ணும் அடிகள்

"1,140 தான் மேடம். இந்த வாரம் ஒரு நாள்கூட வட்டம் நிறையல" என்று போனை என் முன் நீட்டினார் அந்த நோயாளி. பெருங்குடல் புற்றுநோய்க்கு மூன்றாவது கீமோ ஏறி அன்று ஐந்தாம் நாள். திரையில் இருந்த வட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பச்சை. கீழே, இலக்கு 10,000. மகன் ஆசையாகப் போட்டுக் கொடுத்த செயலி. தேர்வில் தோற்ற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அந்த 10,000 எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. பெயர் 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மானி. விளம்பரத்துக்கு வாகான ரவுண்டு எண். கீமோ எடுப்பவரை மனதில் வைத்து யாரும் அதைக் கணக்கிடவில்லை. சிரித்துவிட்டார். அந்த இலக்கை அங்கேயே மாற்றினோம்.

அப்புறம் முந்தைய இரண்டு கீமோ சுற்றுகளின் பதிவைத் தள்ளிப் பார்த்தோம். எனக்கு வேண்டியது அதுதான். கீமோ ஏறிய மறுநாளிலிருந்து நாலைந்து நாள் ஆயிரத்தை ஒட்டியே கிடக்கிறது. பிறகு மெல்ல ஏறி, அடுத்த கீமோவுக்கு முந்தைய வாரம் 3,000-ஐத் தொடுகிறது. "நடந்தீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் "ஏதோ நடந்தேன்" என்பார்கள். போன் அப்படி மழுப்பாது. அதனால் இரண்டு இலக்கு வைத்தோம். சோர்ந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிட நடை, மூன்று வேளை. தெம்பான வாரத்தில் அவருடைய வழக்கமான கணக்கோடு சில நூறு அடிகள் கூடுதல். அவ்வளவுதான்.

அசதியில் கிடப்பவரை எதற்கு நடக்கச் சொல்கிறோம்? புற்றுநோய்ச் சோர்வு தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை. படுத்தே இருந்தால் தசை கரைகிறது. தசை கரைந்தால் குளியலறை வரை போவதே பெரும்பாடாகிறது. அதில் சோர்வு இன்னும் கூடுகிறது. வாரம் மூன்று நாள், முப்பது நிமிட மிதமான நடை இந்தச் சோர்வைக் குறைக்கும் என்று 2019-இல் வெளிவந்த அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. முப்பது நிமிடத்தையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்பதில்லை.

2025-இல் வெளியான ஆய்வு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த பெருங்குடல் புற்றுநோயாளிகள் 889 பேர். மூன்றாண்டு உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில், ஐந்தாண்டு கழித்து நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் 80.3 சதவீதம், அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் 73.9 சதவீதம். என் கண்ணில் பட்டது வேறொன்று. அந்த மூன்றாண்டும் ஒரு பயிற்சியாளர் ஒவ்வொருவரோடும் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். கையேடு செய்யாத வேலையைச் செயலி மட்டும் தனியாகச் செய்துவிடும் என்று நான் நம்பவில்லை.

செயலிகளுக்குச் சில அசட்டுத்தனங்களும் உண்டு. 'தொடர்ந்து 12 நாள் சாதனை' என்று பாராட்டிவிட்டு, கீமோ அன்று பூஜ்யத்துக்கு இறக்கிவிடும். எடை குறைந்துகொண்டே போகிறவரிடம் 'இன்று இத்தனை கலோரி எரித்தீர்கள்' என்று பெருமைப்படும். இரண்டையும் அணைத்து வைக்கச் சொல்வேன். வாக்கரைப் பிடித்து நடப்பவரின் கை ஆடாததால், கையில் கட்டிய வாட்ச் பாதி அடிகளைக்கூட எண்ணாமல் விடலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர் வாட்ச் காட்டும் துடிப்பை வைத்து வேகத்தை முடிவு செய்யக் கூடாது. நடந்துகொண்டே பேச முடிகிறதா, அதுவே நல்ல அளவு.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நடையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், திடீர் மூச்சுத்திணறல் வந்தாலும் அப்படியே. புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தாலோ, பிளேட்லெட் மிகக் குறைந்திருந்தாலோ, பாதம் மரத்திருந்தாலோ மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்காமல் இலக்கைக் கூட்ட வேண்டாம். இதையெல்லாம் செயலி கேட்காது.

அவர் இப்போது ஞாயிறுதோறும் வாரக் கணக்கைப் படம் பிடித்து அனுப்புகிறார். ஐந்தாவது சுற்றில், தெம்பாக இருக்க வேண்டிய வாரத்தில், ஒரு நாளுக்கு நேரே வெறும் 40. பதறிப்போய் அழைத்தேன். மனைவிதான் எடுத்தார்.

"அன்னிக்கு போன் சார்ஜ்ல கிடந்துச்சு மேடம். இப்பவும் அப்படித்தான், அவர் நடக்கப் போயிருக்கார்."